வராத நோயின் கணக்கு: தமிழ்நாட்டின் பொது சுகாதாரத் துறை ஏன் தனியாக நிற்கிறது

சென்னை தேனாம்பேட்டையில் அண்ணா சாலையை ஒட்டியுள்ள டிஎம்எஸ் வளாகத்தைப் பேருந்து நிறுத்தமாகவோ மெட்ரோ நிலையமாகவோ அறியாத சென்னைவாசிகள் குறைவு. மருத்துவமனைகளை நிர்வகிக்கும் இயக்ககத்தின் பெயராலேயே அந்த இடம் ஊருக்குப் பழகிவிட்டது. அதே வளாகத்துக்குள் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்து இயக்ககம் என்று இன்னோர் அலுவலகம் இருப்பதும், அது மருத்துவமனை நிர்வாகத்துக்குக் கட்டுப்படாத தனித் துறை என்பதும், இந்தியாவின் பெரும்பாலான மாநிலங்களில் இப்படியோர் ஏற்பாடு இல்லை என்பதும் பலருக்குத் தெரியாது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இத்துறை ஒழுங்காக வேலை செய்யும் ஆண்டில் அதைப் பற்றிச் செய்தித்தாளில் எழுத எதுவும் இருக்காது.

தமிழ்நாட்டு அரசின் மருத்துவப் பணிகள் மூன்று பெரிய கிளைகளாகப் பிரிந்திருக்கின்றன. மருத்துவக் கல்லூரிகளும் அவற்றோடு இணைந்த பெரிய மருத்துவமனைகளும் ஓர் இயக்ககத்தின் கீழும், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளும் தாலுகா மருத்துவமனைகளும் இன்னோர் இயக்ககத்தின் கீழும் வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்கள், துணை சுகாதார நிலையங்கள், தடுப்பூசி, குடிநீர்ச் சோதனை, கொசு ஒழிப்பு, தாய்சேய் நலம் ஆகியவை பொது சுகாதாரத் துறையின் பொறுப்பு. ஒவ்வொன்றுக்கும் தனி இயக்குநர் இருக்கிறார், தனி நிதி ஒதுக்கீடு இருக்கிறது, தனிப் பணியாளர் வரிசை இருக்கிறது. இவற்றுள் நிதி ஒதுக்கீடு தனியாக இருப்பதே முதன்மையானது என்பது என் கருத்து. மருத்துவமனைக்கும் நோய்த்தடுப்புக்கும் ஒரே பணப்பை இருந்தால், படுக்கை கிடைக்காமல் வராந்தாவில் படுத்திருக்கும் நோயாளியின் தேவைக்கு முன்னால், அடுத்த ஆண்டு வரக்கூடிய வயிற்றுப்போக்கைத் தடுக்கும் செலவு எப்போதும் தள்ளிப்போகும். அதை யாருடைய கெட்ட எண்ணம் என்றும் சொல்ல முடியாது. கண்முன் கிடக்கும் நோயாளியை ஒதுக்கிவிட்டு, வராத நோயாளிக்குப் பணம் ஒதுக்கும் மனம் எந்த நிர்வாகிக்கும் எளிதில் வராது.

இந்தப் பிரிவினை திட்டமிட்டு வடிவமைக்கப்பட்டது என்பதைவிட, பழையதைக் கலைக்காமல் விட்டதன் பலன் என்பதே பொருத்தம். சென்னை மாகாணத்தில் 1920களின் தொடக்கத்திலேயே பொது சுகாதாரத்துக்குத் தனி இயக்குநர் அமைந்துவிட்டார். 1939ஆம் ஆண்டு சென்னைப் பொது சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் ஒரு மாகாணம் இயற்றிய முதல் முழுமையான பொது சுகாதாரச் சட்டம் அது. 1946இல் ஜோசப் போர் (Bhore) என்ற அதிகாரியின் தலைமையிலான அகில இந்தியச் சுகாதார ஆய்வுக் குழு, நோய் தீர்க்கும் பணியும் நோய் தடுக்கும் பணியும் ஒன்றோடொன்று இணைந்து நடக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரையின் நோக்கம் நல்லதுதான். ஆனால் விடுதலைக்குப் பின் பல மாநிலங்கள் அதை இரண்டு துறைகளையும் ஒரே பணியாளர் வரிசையாகக் கலந்துவிடுவது என்று செயல்படுத்தின. அறுவைச் சிகிச்சையிலோ பொது மருத்துவத்திலோ அனுபவம் பெற்ற மருத்துவர், பணிமூப்பின் காரணமாக மாவட்டச் சுகாதாரத்துக்குப் பொறுப்பேற்று, மருத்துவமனைக் கட்டடத்திலேயே அலுவலகம் வைத்துக்கொண்டு, குடிநீர்த் தொட்டியையும் கொசுவையும் மூன்றாம் தர வேலையாகப் பார்க்கும் நிலை அங்கெல்லாம் படிப்படியாக உருவானது. தமிழ்நாடு கலக்கவில்லை. இங்கே மாவட்டச் சுகாதாரத்துக்குப் பொறுப்பேற்பவர் மருத்துவப் படிப்போடு பொது சுகாதாரத்தில் பட்டயமோ மேற்படிப்போ பெற்றவராக இருக்க வேண்டும்; அவருடைய பதவி உயர்வும் அந்த வரிசைக்குள்ளேயே நடக்கும்.

1939ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்துப் பார்ப்பவர்களுக்கு அதன் விரிவு ஆச்சரியம் தரும். குடிநீர், வடிகால், கழிப்பிடம், தொற்றுநோயை அறிவிக்கும் கடமை, கொசு உற்பத்தி, தங்கும் விடுதிகள், திருவிழாக்கள், சந்தைகள் என்று ஒரு சமூகம் நோய்வாய்ப்படக்கூடிய வாசல்கள் அனைத்தையும் அது வரிசையாகத் தொட்டுச் செல்கிறது. திருவண்ணாமலை தீபத்துக்கோ வேளாங்கண்ணித் திருவிழாவுக்கோ லட்சக்கணக்கில் மக்கள் கூடும்போது, பல நாட்களுக்கு முன்பே சுகாதார ஆய்வாளர்கள் அங்கு போய் நீர்த்தொட்டிகளைக் கணக்கெடுப்பதும், உணவுக் கடைகளைப் பார்வையிடுவதும், தற்காலிகக் கழிப்பிடங்களுக்கு இடம் குறிப்பதும் இச்சட்டத்தின் வழியில் வந்த பழக்கமே. ஒரு காலத்தில் திருவிழாவும் காலராவும் சேர்ந்தே வரும் என்பது இந்நாட்டு மக்களின் அனுபவம். இன்று அந்த நினைவே மங்கிவிட்டது என்றால் அதற்குப் பின்னால் இருப்பது இந்தச் சலிப்பூட்டும் முன்னேற்பாடுதான்.

அந்தச் சலிப்பூட்டும் வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியை எடுத்துக்கொள்ளலாம். 1,000 லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான அளவு. ஆக, 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம் போதும். அதை அப்படியே தொட்டியில் கொட்டிவிடக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் சிறிது தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு வாளி நிறைய நீர் ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும்வரை காத்திருந்து, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். குளோரின் கிருமியைக் கொல்ல அரை மணி முதல் ஒரு மணி நேரம் தேவைப்படுவதால் அதன் பிறகே தண்ணீர் திறந்துவிட வேண்டும். தெருக்கோடியில் இருக்கும் கடைசிக் குழாயில் பிடித்த தண்ணீரில் சில சொட்டு மருந்து விட்டால் நீர் மஞ்சளாக மாறும். அந்த மஞ்சளின் அடர்த்தியைக் குளோரோஸ்கோப்பின் வண்ண அளவோடு ஒப்பிட்டு, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மீதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் குழாயில் குளோரின் இருந்தும் கடைசிக் குழாயில் இல்லை என்றால் நடுவில் எங்கோ குழாய் உடைந்து சாக்கடை கலக்கிறது என்ற ஐயம் எழ வேண்டும். திறந்து வைத்த மூட்டையில் பவுடரின் வீரியம் நாளாக நாளாகக் குறைந்துவிடும் என்பதால், அளவு சரியாக இருந்தும் பயன் இல்லாமல் போவதும் உண்டு. இத்தனையும் சரியாக நடந்த ஊரில் என்ன நடக்கும் என்றால், ஒன்றும் நடக்காது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் கதையும் இதைப் போன்றதே, ஆனால் இங்கே அரசியலின் பார்வை குறுக்கே வருகிறது. முட்டை புழுவாகிக் கூட்டுப்புழுவாகிக் கொசுவாகப் பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் ஆகின்றன; எனவே வாரத்துக்கு ஒருமுறை ஒரு வீட்டின் நீர் தேங்கும் பொருட்கள் அனைத்தையும் பார்த்து முடித்தால் சுழற்சி அறுந்துவிடும். சிமென்ட் தொட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, கொல்லைப்புறத்து உரல், மொட்டை மாடியில் கிடக்கும் டயர் என்று வீடு வீடாகக் குனிந்து பார்க்கும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் பெரும்பாலும் தினக்கூலிக்காரர்கள். தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஈரமற்ற சுவரில் ஒட்டிய முட்டைகள் பல மாதங்கள் உயிரோடு இருந்து அடுத்த மழையில் பொரிக்கும். தெருவில் புகை அடித்துக்கொண்டு போகும் வண்டி பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும், புழுவை ஒன்றும் செய்யாது. ஆனால் கவுன்சிலருக்கும் மக்களுக்கும் கண்ணில் தெரிவது புகைதான். காய்ச்சல் கூடும் காலத்தில் 'எங்கள் தெருவுக்குப் புகை அடிக்கவில்லை' என்று புகார் வருமே தவிர, 'எங்கள் வீட்டுத் தொட்டியை யாரும் பார்க்கவில்லை' என்று வராது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இத்துறையின் அமைப்புக்கு வந்த கடுமையான சோதனை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர். அவர்களில் 6,000க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். இறந்த உடல்களும் உடைந்த குழாய்களும் கூட்டம் நிறைந்த முகாம்களும் ஒன்றுசேரும்போது காலராவும் வயிற்றுப்போக்கும் பரவி இரண்டாவது அலையாக உயிர்களைக் கொண்டுபோகும் என்று பலரும் அஞ்சினார்கள். பிற மாவட்டங்களிலிருந்து சுகாதாரப் பணியாளர்கள் குழுக்களாகக் கடலோரத்துக்கு அனுப்பப்பட்டார்கள். முகாம்தோறும் குளோரின் சோதனையும், நாள்தோறும் நோயாளிகளின் எண்ணிக்கையைக் கேட்டுத் தொகுப்பதும், குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடுவதும் நடந்தன. கடலூர் மாவட்டத்தில் தட்டம்மை பரவியது என்பதை மறைக்கத் தேவையில்லை. அது கண்டறியப்பட்டு ஆராயவும்பட்டது. ஆனால் அஞ்சிய பெருந்தொற்று வரவில்லை. பேரிடருக்குப் பின் புதிதாக ஆள் சேர்த்துப் பயிற்சி கொடுத்துச் செய்திருந்தால் இது முடிந்திருக்காது. திருவிழாவுக்கு ஆண்டுதோறும் செய்து பழகிய அதே வேலையை, அதே பணியாளர்கள், பெரிய அளவில் செய்தார்கள்.

துறையின் இன்னொரு முகம் கிராம சுகாதார செவிலியர். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. தமிழ்நாட்டில் இப்படி 8,000க்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. ஊரில் யார் எப்போது கருவுற்றார், யாருக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது, யார் தாய்வீட்டுக்குப் போயிருக்கிறார் என்பதை அந்தப் பகுதியின் 'நர்ஸம்மா' பெரும்பாலும் கையேடு பார்க்காமலேயே சொல்லிவிடுவார். கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் கிடைக்கும் 'பிக்மி நம்பர்' பிறகு குழந்தையின் பிறப்புப் பதிவிலும் கேட்கப்படுகிறது என்பதால், தனியார் மருத்துவமனைக்குப் போகும் வசதி படைத்த குடும்பங்களும் இந்தக் கணக்குக்குள் வந்துவிடுகின்றன. கொஞ்சம் கெடுபிடியான ஏற்பாடுதான். ஆனால் ஒரு கர்ப்பிணியும் விடுபடக் கூடாது என்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கணக்கின் உச்சம் தாய் மரணத் தணிக்கை. 1990களில் தொடங்கி, 2000களில் தனியார் மருத்துவமனைகளையும் உள்ளடக்கி விரிந்த இந்த நடைமுறையில், பிரசவத்தையொட்டி ஒரு பெண் இறந்தால் அது எங்கே நடந்தாலும் உடனே தெரிவிக்கப்பட வேண்டும். அதன் பின் அவருடைய வீட்டுக்குச் சென்று குடும்பத்தாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் நடந்ததைக் கேட்டு எழுதுகிறார்கள். மருத்துவமனைப் பதிவுகளை நிபுணர்கள் பார்க்கிறார்கள். மாவட்ட ஆட்சியர் அளவில் ஆய்வு நடக்கிறது. வலி வந்ததிலிருந்து மருத்துவமனைக்குப் புறப்பட முடிவெடுக்க எவ்வளவு நேரம் ஆனது, வண்டி கிடைக்க எவ்வளவு நேரம் ஆனது, போய்ச் சேர்ந்த பின் சிகிச்சை தொடங்க எவ்வளவு நேரம் ஆனது என்ற மூன்று தாமதங்களும் தனித்தனியே பிரிக்கப்படுகின்றன. இரத்தம் கிடைக்காமல் இறந்தார் என்றால் இரத்தச் சேமிப்பு வசதி எங்கே இல்லை என்பது தெரிகிறது. ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து மூன்றாவதற்கு என்று அலைக்கழிக்கப்பட்டார் என்றால் நள்ளிரவில் அறுவைச் சிகிச்சை செய்யக்கூடிய இடம் எத்தனை கிலோமீட்டரில் இருக்க வேண்டும் என்பது தெரிகிறது. ஊழியர்கள் 'சீமாங்' என்று அழைக்கும் அவசரகால மகப்பேறு மையங்கள் மாவட்டந்தோறும் பரவியதும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை வைத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கத் தொடங்கியதும், 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்ததும் இந்தப் பாடங்களோடு ஒட்டிச் சென்றவை.

2001-03 காலத்தில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்குத் தமிழ்நாட்டில் 134 தாய்மார் இறந்தனர். இந்திய அளவில் அது 301. 2018-20இல் தமிழ்நாட்டின் அளவு 54 ஆகவும் இந்தியாவின் அளவு 97 ஆகவும் குறைந்தன. அதே ஆண்டுகளில் கேரளம் 19ஐ எட்டியிருந்தது என்பதையும் பக்கத்திலேயே வைத்துப் பார்ப்பது நமக்கு நல்லது. இறக்கம் நம்முடையது மட்டுமல்ல, நாடு முழுவதும் இறங்கியிருக்கிறது. அந்த ஆண்டுகளின் கேரளத்தோடு ஒப்பிட்டால் நாம் இன்னும் வெகுதூரம் போக வேண்டியிருந்தது. தணிக்கைக் கூட்டம் காரணத்தைத் தேடும் கூட்டமாக இல்லாமல் குற்றவாளியைத் தேடும் கூட்டமாக மாறும்போது, கீழ்நிலை ஊழியர் தன்னைக் காத்துக்கொள்ளும் விதத்தில் பதிவேட்டை எழுதத் தொடங்கிவிடுவார், அதோடு கணக்கின் பயனும் போய்விடும். இந்த ஆபத்தை ஆய்வுக்குத் தலைமை வகிப்பவர்தான் தடுக்க முடியும்.

மரணத்தை உண்மையாக எண்ணுவது எவ்வளவு கடினம் என்பதைக் கொரோனாக் காலம் காட்டியது. 2020 ஜூலையில், சென்னையில் விடுபட்டிருந்த 444 மரணங்களை, அதற்கென அமைத்த குழுவின் அறிக்கைக்குப் பின் அரசு தன் கணக்கில் சேர்த்தது. தாய் மரணத்தை வீடு தேடிப் போய் எண்ணும் மாநிலத்திலேயே இது நடந்தது என்பது கவலைக்குரியது. விடுபட்டதைத் திருத்திச் சேர்த்தார்கள் என்பது சிறிய ஆறுதல்.

நோய் குறைந்த பிறகு தடுப்புப் பணியைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. 1934-35இல் மலேரியா அங்கே சுமார் 80,000 உயிர்களைக் குடித்தது. பல ஆண்டுகளின் மருந்துத் தெளிப்புக்குப் பின் 1963இல் நாடு முழுவதும் பதிவான நோயாளிகள் வெறும் 17 பேர். வெற்றி வந்துவிட்டது என்று தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நோயாளிகளின் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது. அதன் பிறகு பல பத்தாண்டுகள், உள்நாட்டுப் போரின் ஊடேயும், விடாமல் வேலை செய்து 2016 செப்டம்பரில்தான் உலக சுகாதார நிறுவனத்தின் மலேரியா ஒழிப்புச் சான்றிதழை அந்நாடு பெற்றது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறையும், வீட்டுக்கு வரும் குடும்பநல மாது என்ற மருத்துவிச்சியும், ஊரைச் சுற்றும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அங்கே இல்லாதிருந்தால் அது நடந்திருக்காது. சான்றிதழுக்குப் பின்னும் அங்கே வெளிநாட்டிலிருந்து திரும்புவோரின் இரத்தம் சோதிக்கப்படுகிறது.

தமிழ்நாட்டின் இன்றைய சிக்கல் வேறு வகையானது. தண்ணீராலும் கொசுவாலும் பரவும் நோய்களுக்கும் பிரசவத்துக்கும் என்று வளர்ந்த ஓர் அமைப்பு இப்போது பிரஷரையும் சுகரையும் எதிர்கொள்கிறது. 2020இல் மாநில அளவில் நடந்த கணக்கெடுப்பில் வயது வந்தோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது; அப்படி இருந்தவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கே சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தது. காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்த நோய்கள் வலிக்காது. மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அரசு மருத்துவமனை வரிசையில் நிற்க வேண்டும் என்றால், வலிக்காத நோய்க்காக யாரும் இரண்டு மூன்று மாதங்களுக்கு மேல் நிற்க மாட்டார்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த இடத்தில்தான் கைவைத்தது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, ஏற்கெனவே மருந்து எழுதப்பட்டவர்களுக்கு மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு இயன்முறை மருத்துவரும் வலிநிவாரணச் செவிலியரும் வருகிறார்கள். 1995இல் செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கிக் கிடங்குகளில் இருப்பு வைத்திருப்பதால் இது சாத்தியமாகிறது. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. ஆனால் வீட்டுக்குப் போன மாத்திரைகளின் எண்ணிக்கையை வைத்து இத்திட்டத்தை அளப்பது தவறு. மாத்திரை பெற்றவர்களில் எத்தனை பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி, அதற்கான விடை ஆண்டுதோறும் வெளிவர வேண்டும்.

இங்கே சட்டத்தின் கையும் குறுகிவிடுகிறது. தேங்கிய நீரை அகற்று என்று 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நோட்டீஸ் கொடுக்கலாம். ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைத்துக்கொள் என்று யாருக்கும் நோட்டீஸ் கொடுக்க முடியாது. மதுவைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் சங்கடமானது. 2022-23இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் ஏறத்தாழ 44,000 கோடி ரூபாய். ஒரு துறை வீடு தேடிப் போய் இரத்த அழுத்தம் பார்க்கிறது, அதே அரசின் இன்னொரு கை தெருமுனையில் பாட்டில் விற்கிறது. இந்த முரணைச் சுகாதாரத் துறையின் எந்த அதிகாரியாலும் தீர்க்க முடியாது.

பிரசவத்திலும் பழைய வெற்றியே புதிய கேள்விகளை எழுப்பியிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. ஆனால் மொத்தப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவைச் சிகிச்சை. தனியார் மருத்துவமனைகளில் அது 63.8 விழுக்காடு. 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தும் இந்த எண் பெரிதாக அசையவில்லை. மருத்துவமனைக்கு வரவழைப்பதில் வென்ற துறை, வீட்டுச் சாப்பாட்டுத் தட்டில் வெல்லவில்லை. நகரங்களின் கதை தனி. கிராமத்துக்கென வடிவமைக்கப்பட்ட செவிலியர் முறை, சென்னையின் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற அடுக்குமாடிக் குடியேற்றங்களுக்கும், ஆண்டுக்கொரு முறை இடம் மாறும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கும் அப்படியே பொருந்தவில்லை.

2017ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரக் கொள்கை, எல்லா மாநிலங்களும் பொது சுகாதாரத்துக்குத் தனிப் பணியாளர் வரிசையை உருவாக்க வேண்டும் என்றது. 2022இல் ஒன்றிய அரசு அதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. தமிழ்நாடு கலைக்காமல் வைத்திருந்ததை மற்ற மாநிலங்கள் இனிப் புதிதாகக் கட்ட வேண்டும். அரசாணை ஒரே நாளில் வந்துவிடும். ஆனால் நகர்நல அலுவலராகச் சேர்ந்து, சாக்கடையிலும் சந்தையிலும் சில ஆண்டுகள் நின்று, ஒன்றிரண்டு மாவட்டங்களின் தொற்றுநோய்களைக் கையாண்டு, அதன் பிறகு தலைமை அலுவலகத்துக்கு வரும் ஒருவர் இயக்குநர் நாற்காலியை எட்டக் குறைந்தது இருபது ஆண்டுகளாவது ஆகும். அதுவரை அந்தப் பதவிகளில் அமரப்போகிறவர்கள் மருத்துவமனை வரிசையில் வளர்ந்தவர்களே. தமிழ்நாட்டுக்கும் வேறொரு வடிவில் இதே சிக்கல் இருக்கிறது: தனியார் மருத்துவத்தின் வருமானத்தோடு ஒப்பிட்டால் இந்த வரிசையில் சேர இளம் மருத்துவர்களை ஈர்ப்பது எதுவும் இல்லை, செவிலியர், சுகாதார ஆய்வாளர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கும்போது பக்கத்து ஊரின் பொறுப்பும் சேர்ந்து இருப்பவர் தலையிலேயே விழுகிறது, இரண்டு ஊர்களைப் பார்ப்பவரால் கடைசிக் குழாய்வரை நடந்துபோய் குளோரின் பார்க்க முடிவதில்லை.